வயிற்றில் கியர் விழுந்த கனவு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மூடிக் கிடந்த ஒரு ரயில்வே கேட்டில் அதுவாக வந்து காருக்குள் ஏறிக்கொண்டது.

ஐம்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். எதிரே சரக்கு ரயில் ஒன்று தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் என் பயிற்சியாளர். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். "ஹேண்ட் பிரேக் போடுங்க, நியூட்ரல் பண்ணுங்க" என்று சொன்னவர், அதே குரலில், அதே மூச்சில் கேட்டார்:

"சார், நீங்க கதையெல்லாம் எழுதுறவர்தானே. கனவுக்கு அர்த்தம் சொல்லத் தெரியுமா?"

"என்ன கனவு?"

"ஒரு மாதிரியான கனவு."

"ஒரு மாதிரின்னா?"

மாஸ்டர் ரயிலைப் பார்த்தபடி சொன்னார். "என் மேல துணி இல்ல."

(இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் வாயைத் திறக்க முடியாத சங்கதிகளை, பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேசிவிட முடிகிறது. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே எழுதினால் கதை ரயிலுக்குப் பின்னாலேயே போய்விடும்.)

கடைசிப் பெட்டி போவதற்குள் கனவு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை நிறுத்திவிட்டேன், அதாவது அதுவே நின்றுவிட்டது. மறுபடி கிளப்பும்போது கேட்டேன்: "மாஸ்டர், இதை நான் எழுதிக்கலாமா?"

தண்டவாளத்தைத் தாண்டும்வரை யோசித்தார்.

"எழுதுங்க. பேர் போடக் கூடாது. அப்புறம், தொப்பையைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்க."

"எவ்வளவு குறைக்கட்டும்?"

"உங்களால முடிஞ்ச அளவு."

2

முதல் தொடக்கம்:

"மாஸ்டர் நல்ல உயரம். அகன்ற மார்பு. கட்டான உடம்பு. சட்டைப் பொத்தான்கள் அவருடைய—"

நிறுத்திவிட்டேன். இப்படி உடம்பு உள்ளவருக்கு அந்தக் கனவே வந்திருக்காது. வந்திருந்தாலும் அர்த்தம் கேட்டு அலைந்திருக்க மாட்டார். காலையில் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்.

இரண்டாவது தொடக்கம்:

"மாஸ்டருக்குச் சற்றே பூசினாற்போன்ற உடல்வாகு."

தொப்பைக்குத் தமிழ் செய்து வைத்திருக்கும் மரியாதைகளில் தலையாயது இந்தப் 'பூசினாற்போல'. யார் பூசினார்கள், எதைப் பூசினார்கள், எத்தனை கோட் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. மாஸ்டரின் நிபந்தனையை மதித்து இதையே வைத்துக்கொள்கிறேன். இனிக் கதைக்குள் போவோம்.

மாஸ்டருக்குச் சற்றே பூசினாற்போன்ற உடல்வாகு. கல்யாணமான புதிதில் ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்தவர். அதன் பிறகு தொழில் அவரை உட்கார வைத்துவிட்டது. காலை முதல் மாலைவரை கார் இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கை நடுங்கும் மாணவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "பயப்படாதீங்க, என் கால் இருக்கு." லாரி முன்னால் வந்தாலும் நாய் குறுக்கே ஓடினாலும் அவர் குரல் ஏறியதில்லை. அந்தக் குரலை நம்பித்தான் நானும் சேர்ந்தேன்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. 'மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க, விடுங்க' என்று நாள் முழுக்க ஊர் உலகத்துக்குச் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறவர்.

இருவருக்கும் நடுவே சண்டை எதுவும் இல்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டில் அந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச காலம் தள்ளியே இருங்கள் என்று டாக்டர் சொன்னார். மாஸ்டரும் தூக்கத்தில் கை கால் பட்டுவிடக் கூடாதே என்று சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தார். கொஞ்ச காலம் எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று அறிவிக்கத்தான் ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த வீடியோ வந்தது. லைசென்ஸ் வாங்கிய சந்தோஷத்தில் ஒரு மாணவி காரைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து, "நன்றி மாஸ்டர்" என்று பூங்கொத்துப் படம் போட்டு அனுப்பியிருந்தாள். மாஸ்டர் ஆசையாகப் பார்த்தார். கார் நன்றாகத் தெரிந்தது. ஆனால் காரை மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். யார் இந்த மனுஷன், படம் எடுப்பது தெரிந்தும் நகராமல் நிற்கிறானே என்று அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. வீடியோ முடியும் நேரத்தில்தான் அந்த ஆளின் சட்டை தன்னுடையது என்று தெரிந்தது.

கண்ணாடி நம்மை முன்னாலிருந்து காட்டுகிறது. பக்கவாட்டில் நாம் எப்படி இருக்கிறோம் என்பது உலகத்தில் நம்மைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து மாஸ்டர் படுக்கும்போதும் பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டார். குளித்துவிட்டு வெளியே வரும்போது பொத்தான் கழுத்துவரை ஏறியிருந்தது. மனைவி வருவதற்கு முன்பே ஓடிப் போய் விளக்கை அணைத்தார். அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பதைப் பார்த்து, 'சரிதான், பார்க்கப் பிடிக்கவில்லை' என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

3

இப்போது கனவு. அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

நல்ல வெயில். பயிற்சிக் கார் ஊரின் பெரிய சாலையில் போகிறது. மாஸ்டர் தன் வழக்கமான இருக்கையில், பிறந்த மேனிக்கு. வயிறு வெயிலில் பளபளக்கிறது. இரண்டு பக்க நடைபாதையிலும் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல வரிசையாக நிற்கிறார்கள். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியும் நிற்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள். மாஸ்டர் பிரேக்கைத் தேடுகிறார். அவர் பக்கத்தில் பெடலே இல்லை.

வண்டியை ஓட்டுவது அவர் மனைவி. நிஜத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கனவில் பிரமாதமாக ஓட்டுகிறார்.

"என்ன போட்டிருந்தாங்க?" என்று கேட்டேன். (எழுத்தாளனுக்கு விவரம் முக்கியம்.)

"எக்ஸ்ரே ரூம்ல போட்டுக்குவாங்களே, கதிர் படாம இருக்க, கனமா ஒரு ஈய அங்கி. அது."

"அதுக்குள்ள?"

"அது மட்டும்தான் சார்."

சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.

கியர் மாற்ற அவர் மனைவி கையை நீட்டுகிறார். கியர்க் கம்பியும் இல்லை. தயங்காமல் கையை மாஸ்டரின் வயிற்றில் வைக்கிறார். ஒரு தள்ளு. 'டக்'கென்று முதல் கியர் விழுகிறது. இரண்டாவது விழுகிறது. மூன்றாவது வெண்ணெயாக விழுகிறது. வண்டி பறக்கிறது. நான்காவதில் மாஸ்டரிடமிருந்து ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்கிறார். பக்கத்தில் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குகிறார்.

"எந்த மாதிரி சத்தம், மாஸ்டர்?"

"சார், அதையெல்லாம் எழுதாதீங்க."

"சரி. இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவர் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "ஊரே பாத்துச்சு சார். எனக்குக் கொஞ்சங்கூட வெக்கமே வரல. நல்லா இருந்துச்சு. அதுதான் புரியல. முழிச்சதும்தான் வெக்கம் வந்துச்சு."

4

நான் சொன்ன அர்த்தம்: பெடல் இல்லாதது என்பது கட்டுப்பாடு கைவிட்டுப் போகும் பயத்தின் குறியீடு. நிர்வாணம் என்பது சமூகத்தின் பார்வைக்கு முன் தனிமனிதனின்—

"எனக்குத்தான் பயமே வரலியே சார்" என்றார் மாஸ்டர். அத்தோடு என் அர்த்தம் முடிந்தது. அந்த வாக்கியத்தை முடிக்காமலே விட்டதற்குக் காரணம் அதுதான்.

அடுத்து அவர் போனது 'கனரக'த்திடம். அதே பயிற்சிப் பள்ளியில் லாரியும் பஸ்ஸும் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். ஆள் குச்சி. டீ குடிக்கும்போது மாஸ்டர் பேச்சோடு பேச்சாக, என் நண்பர் ஒருத்தருக்கு ஒரு கனவு, என்று ஆரம்பித்தார். ஈய அங்கியை மட்டும் நைட்டியாக மாற்றிக்கொண்டார்.

கனரகம் கடைசிவரை கேட்டார். "உன் நண்பனுக்கு என்ன வயசு?"

"என் வயசுதான்."

"தொப்பை?"

"இருக்கும்போல."

"கியர் எதுவரைக்கும் போச்சு?"

"நாலு."

"அஞ்சு விழலியா?"

"அதுக்குள்ள முழிச்சுட்டானாம்."

கனரகம் டம்ளரை வைத்துவிட்டு அனுதாபத்தோடு தோளில் தட்டினார். "அப்ப உன் நண்பனை ஒரு டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு."

மாஸ்டர் டாக்டரிடம் போனார். அவர் கனவைச் சொல்லச் சொல்ல, டாக்டர் காதில் 'வயிறு' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார். "சாப்பிட்ட உடனே படுக்கறீங்களா? எடையைக் குறைங்க. கனவு தானா நின்னுடும்."

கனவு நிற்பதில் மாஸ்டருக்கு அவ்வளவு இஷ்டமில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாகத் தொலைபேசியில் தேடினார். கனவுப் பலன் சொல்லும் ஒரு பெண்குரல் அகப்பட்டது. நிர்வாணம் கண்டால் ரகசியம் வெளிப்படும், தன் வண்டியைப் பிறர் ஓட்டக் கண்டால் துணை விலகிச் செல்லும், வயிறு பெருத்திருக்கக் கண்டால் செல்வம் சேரும். மூன்றில் ஒன்று நல்ல சேதி. ஆனால் மனுஷ மனம் நல்ல சேதியிலா போய் நிற்கும்? 'துணை விலகிச் செல்லும்' அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. விலகித்தானே படுத்திருக்கிறாள் என்று நினைத்தார். இன்னும் எவ்வளவு விலக வேண்டும்?

அன்றே ஒரு வயிற்றுப் பட்டைக்கு ஆர்டர் கொடுத்தார்.

5

அட்டைப்பெட்டியின் மேல் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வயிறே இல்லை. வயிறே இல்லாதவனுக்கு எதற்குப் பட்டை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. ஆனாலும் கட்டிக்கொண்டார். பயிற்சிப் பள்ளியின் குளியலறையில், மூச்சை உள்ளே இழுத்து, கொக்கி கொக்கியாக.

தொப்பை எங்கேயும் போகவில்லை. மேல்மாடிக்குக் குடிபெயர்ந்தது. மார்பு விம்மி, கழுத்து சுருங்கி, மாஸ்டர் ஏதோ விருது வாங்கப் போகிறவர்போல நடந்து வந்தார். கனரகம் பார்த்துவிட்டு, "முதுகுல பிடிப்பா?" என்று விசாரித்தார்.

அன்றைக்குக் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா. அடுத்தவர் வாயில் துளை போடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்கும். ரவுண்டானாவை நெருங்கும்போது ஒரு வேன் குறுக்கே வந்தது. மாஸ்டர் தன் பிரேக்கை மிதிக்கக் காலை நீட்டினார். கால் போகவில்லை. பட்டை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கால் ஒருநாளும் அவருக்கு இல்லையென்று சொன்னதில்லை. எட்டி உந்தினார். 'டப்' என்று கொக்கி தெறித்து முன் கண்ணாடியில் பட்டது. டாக்டர் அம்மா அலறிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி நடைபாதையோரம் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணலில் மூக்கைப் புதைத்து நின்றது. வேன்காரன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

"டயர் வெடிச்சிருச்சா மாஸ்டர்?"

"இல்லம்மா" என்றார் மாஸ்டர், சட்டைக்குள் சரிந்துகொண்டிருந்ததைப் பிடித்தபடி. "நான்தான் வெடிச்சேன்."

[சற்றே பூசினாற்போன்ற உடல்வாகு உள்ளவருக்குக் கொக்கி எப்படித் தெறிக்கும் என்று கூர்மையான வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. கொஞ்சம் பொறுங்கள்.]

டாக்டர் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் மாஸ்டர் அன்று மீதி வகுப்புகளை ரத்து செய்துவிட்டார். 'என் கால் இருக்கு' என்று இனி எந்த முகத்தோடு சொல்வது? வீட்டுக்கு வந்து, வியர்வையில் ஊறிப்போன பட்டையை அலசி, பால்கனிக் கொடியில் ஒரு துண்டுக்குப் பின்னால் மறைத்துக் காயப்போட்டார். திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்ற யோசனையில் இருந்தார்.

காற்று துண்டைத் தூக்கிவிட்டது.

6

அவர் மனைவி பட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"அது தெரியுது. யாருக்காகன்னு கேக்கறேன்."

ஒரு மனுஷன் வருஷக்கணக்காகச் சுவரோடு ஒட்டிப் படுக்கிறான், சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான், திடீரென்று வயிற்றுக்குப் பட்டை வாங்குகிறான். கூட்டிப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் ஒரே விடைதான் வரும்.

"அவளுடைய கண்களில் நீர் திரண்டது. உதடுகள் துடித்தன. 'என்னங்க...' என்று தொண்டை அடைக்க அவள் அவருடைய காலடியில்—"

இந்த இடம்வரை எழுதி, சரிபார்க்கச் சொல்லி மாஸ்டரிடம் கொடுத்தேன். மறுநாள் என் தொலைபேசி அடித்தது.

7

"சார், நான் மாஸ்டர் வீட்ல பேசறேன். நீங்க எழுதினதைப் படிச்சேன்."

எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"ரெண்டு தப்பு இருக்கு சார். நான் அழவே இல்ல. காலடியில என்ன இருக்கு, நான் ஏன் அங்க போகணும்?"

"மாஸ்டர்தான் அப்படிச் சொன்னார்."

"அவருக்கு அப்படி ஞாபகம் இருக்கும். அழுதது அவரு. போகட்டும், அதை விடுங்க. முக்கியமான தப்பு இன்னொண்ணு. இந்தக் கதையில வர்ற ஆள் யாரு?"

"மாஸ்டர்தாம்மா."

"சற்றே பூசினாற்போலன்னு போட்டிருக்கு."

"அது அவரே கேட்டுக்கிட்டார். கொஞ்சம் குறைச்சு..."

"நீங்களும் குறைச்சுட்டீங்களா? நல்லா இருக்கே. சார், நான் நாள் முழுக்க ஆளுங்களை உள்ள வரைக்கும் பாக்கறவ. எலும்பு எல்லாருக்கும் ஒண்ணுதான். வித்தியாசமே வெளிய இருக்கறதுலதான். அதைப் போய்க் குறைச்சா அப்புறம் இவர் எப்படி இவராவாரு? பெரிய வயிறுன்னு எழுதுங்க. உருண்டையா, உறுதியா, கை வெச்சா கதகதன்னு—" பேச்சு நின்றது. "வேணாம். பெரிய வயிறுன்னு மட்டும் போடுங்க."

ஆகவே வாசகர்களே, சிரமத்தைப் பார்க்காமல் இரண்டாவது பகுதிக்குப் போய்ப் 'பூசினாற்போல' என்பதை அடித்துவிடுங்கள். மாஸ்டரின் வயிறு பெரிய வயிறு. கூர்மையான வாசகரின் கொக்கிக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

(ஒரு பாத்திரத்தின் உடம்பு யாருக்குச் சொந்தம்? சுமக்கிறவருக்கா, எழுதுகிறவனுக்கா, தொட உரிமையுள்ளவருக்கா? நான் இதில் கடைசி ஆள் என்பது மட்டும் அன்று தெளிவாகத் தெரிந்தது.)

அந்த அம்மா அன்று சொன்னதை வைத்து ஆறாவது பகுதியைத் தொடர்கிறேன்.

"யாருக்காக?" என்று கேட்டுவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே அலமாரி. அந்த அலமாரியைப் பார்த்தபடி மாஸ்டர் கனவைச் சொல்ல ஆரம்பித்தார். இந்த முறை நைட்டி கிடையாது. உள்ளது உள்ளபடி.

அவர் மனைவி முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஈய அங்கியா?"

"ஆமா."

"அது எவ்வளவு கனம் தெரியுமா? அதைப் போட்டுக்கிட்டுக் கார் ஓட்ட முடியுமா?"

"நீ ஓட்டினியே."

அப்போதுதான் மனைவி சிரித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கட்டிலில் சாய்ந்து, கடைசியில் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு. மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் நல்லாயில்லன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அதான் நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறே."

சிரிப்பு நின்றது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படிப் படுத்தாத்தான் வலிக்காம இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு. நீங்கதான் சுவரோட போய் ஒட்டிக்கிட்டீங்க. நான் வர்றதுக்குள்ள லைட்டை அணைச்சிடறீங்க. தழும்பைப் பாக்கப் பிடிக்கலன்னு நினைச்சேன்."

"தழும்பா? நான் அதைப் பாத்ததே இல்லியே."

"அதைத்தான் சொல்றேன்."

மனசுக்குள் ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்த ஒரு சண்டை, ஆரம்பிப்பதற்குள்ளேயே முடிந்துபோனதில் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கீங்க" என்றார் மனைவி.

"இல்லியே."

"அதைச் சொல்லித்தானே எனக்குச் சம்பளம். எனக்குத் தெரியாதா? விடுங்க."

மாஸ்டர் மூச்சை விட்டார். வீடியோ வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் அவர் முழுசாக விட்ட முதல் மூச்சு அது. வயிறு தன் இடத்துக்கு வந்து நிம்மதியாக உட்கார்ந்தது. அவர் மனைவி அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஊர் முழுக்கக் கத்துக் குடுக்கறீங்க. எனக்கு ஏன் கத்துக் குடுக்கல?"

"புருஷன் பெண்டாட்டிக்குக் கத்துக்கொடுத்தா சண்டை வரும். எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவேன்."

"வரட்டுமே."

8

இருவரும் ஒருநாள் லீவு போட்டார்கள். காலையில் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு, லாரி பழகும் வெற்று மைதானத்துக்குப் போனார்கள். கனவில் பறந்தவர் நிஜத்தில் வண்டியை ஓரடி நகர்த்தவில்லை. குதித்து நின்றது. மறுபடி குதித்து நின்றது.

"கிளட்சை மெதுவா விடு."

"மெதுவாத்தான் விடறேன்."

"இதுவா மெது?"

"எனக்கு இதுதான் மெது."

"காலா அது, உலக்கையா?"

மாஸ்டரின் குரல் ஏறிவிட்டது. அவரே திடுக்கிட்டுப் போனார். மைதானத்தின் மறுகோடியில் லாரியில் இருந்த கனரகம் தலையை வெளியே நீட்டி, என்ன சத்தம், யாருடையது என்று பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர் மனைவி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எல்லாரையும் இப்படித்தான் திட்டுவீங்களா?"

"யாரையும் திட்டினதில்ல."

"அப்ப எனக்கு மட்டும்தானா?"

அவர் கோபமாகக் கேட்டாரா, சந்தோஷமாகக் கேட்டாரா என்பதில் மாஸ்டருக்கு இன்றுவரை சந்தேகம் இருக்கிறது. அந்த அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகிறது. அதனால் எதையும் எழுதவில்லை.

அதன் பிறகு மாஸ்டர் குரலை இறக்கிக்கொண்டு, மனைவியின் முழங்காலில் கை வைத்து, எந்த அளவு அமுக்க வேண்டும், எந்த அளவு விட வேண்டும் என்று காட்டினார். அப்படி அவர் வேறு எந்த மாணவருக்கும் காட்டியதில்லை. காட்டவும் முடியாது. வண்டி நகர்ந்தது. முதல் கியர். மைதானத்தைப் பாதி சுற்றியதும் இரண்டாவது. அதற்கு மேல் அவர் மாற்றவில்லை, இவரும் மாற்றச் சொல்லவில்லை. ஆமை வேகத்தில் இரண்டு பேரும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெயில் ஏறியதும், "வீட்டுக்குப் போலாமா?" என்று யாரோ ஒருவர் கேட்டார்கள். யார் என்பதிலும் இரண்டு பேரும் வேறு வேறு பதில்தான் சொல்கிறார்கள்.

9

முடிவு என்று சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அந்த அம்மா டெஸ்டில் பாஸாகி, அதே பெரிய சாலையில் மாஸ்டரை உட்கார வைத்து ஓட்டுகிறார், நடைபாதையில் மாணவர்கள் கை தட்டுகிறார்கள். இது நடக்கவில்லை. எட்டுப் போடும்போது கம்பத்தை இடித்து ஃபெயிலாகிவிட்டார். மறுபடி விண்ணப்பித்திருக்கிறார்.

இரண்டாவது முடிவு: கனவின் அர்த்தத்தை நான் கண்டுபிடித்து மாஸ்டரிடம் சொல்கிறேன். அவர் கண்கள் பனிக்க— வேண்டாம். கண்கள் பனிப்பதை இந்தக் குடும்பம் விரும்புவதில்லை. தவிர, மாஸ்டர் இப்போது அர்த்தம் கேட்பதையே நிறுத்திவிட்டார். போன வாரம் நானாக, "அந்தக் கனவு மறுபடி வந்துச்சா?" என்று விசாரித்தேன். "தூங்கினாத்தானே சார்" என்றவர், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து, சீட் பெல்ட்டைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது முடிவு இப்படி ஆரம்பித்தது:

"மைதானத்திலிருந்து திரும்பியதும் அவள் கதவைத் தாழிட்டாள். ஜன்னலில் நண்பகல் வெயில். மாஸ்டர் சட்டையின் முதல் பொத்தானில் கை வைத்தார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டுத் தானே—"

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. கனவில் வந்த காரும் நிஜக் கார் மாதிரி வெள்ளைதானா, வேறு நிறமா என்று கேட்காமல் விட்டுவிட்டேன். எழுதிய அன்று மதியமே மாஸ்டருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இரண்டு தொலைபேசிகளும் ஒரே அறையில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூன்றாவது தடவை ஒன்று அணைக்கப்பட்டது.

மறுநாள் அந்த அம்மாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "நேத்தும் நாங்க லீவு சார்."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மூன்றாவது முடிவின் மீதியை என்னால் எழுத முடியும். சுமாராக எழுதவும் தெரியும். ஆனால் அந்த அறைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. உங்களையும்தான். இருந்தாலும் உங்கள் கற்பனை கேட்காது என்று தெரியும். அனுப்புவதானால் அனுப்புங்கள். செருப்பை வெளியே விட்டு, கதவைத் தட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். திறப்பார்களா என்பதற்கு நான் பொறுப்பில்லை.